புரோட்டாக் கடை டிவிக்கு இனி கேபிளா, நெட்டா?

பாளை புரோட்டா

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ராத்திரிக் கடை வைத்திருக்கிறேன். கல்லாவுக்கு மேலே பெரிய டிவி, கேபிள் கனெக்‌ஷன். ஐபிஎல் நடக்கிற ரெண்டு மாசமும் அந்த டிவிதான் பாதி வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ளும். ரெண்டு புரோட்டாவோடு கை கழுவுகிற ஆள், கடைசி ஓவர் என்றால் இன்னொரு செட்டும் ஒரு ஆஃபாயிலும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

இப்போது அதில் ஒரு சிக்கல். டிவி ஓடும்போதே பாதிப் பேர் போனைத் தண்ணி டம்ளரில் சாய்த்து வைத்து அதே மேட்சைப் பார்க்கிறார்கள். டிவியில் விக்கெட் விழும், மாஸ்டர் கரண்டியால் கல்லைத் தட்டிக் கத்துவார். உடனே மூலை டேபிளில் இருந்து ஒரு தம்பி, "அண்ணாச்சி, இங்க இன்னும் பந்தே போடலை, சும்மா இருங்க" என்பான். இதனாலேயே ரெண்டு பேருக்குள் வாய்ச்சண்டை வந்து, ஒருத்தர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார்.

"கேபிளை வெட்டிட்டு நெட் போடுங்க, டிவியிலயும் ஓடிடி வைங்க, எல்லாருக்கும் ஒண்ணா வரும்" என்கிறார் ஒரு வாடிக்கையாளர். கேபிள்காரத் தம்பி வேண்டாம் என்கிறார், அவர் அப்படித்தானே சொல்வார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹைகிரவுண்ட் நெட்டு

அண்ணாச்சி, நெட் போட்டாலும் ஒண்ணா வராது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு உங்கள் இஷ்டம்.

மைதானத்துப் படம் சேட்டிலைட்டுக்கு ஏறி இறங்குகிறது. சேட்டிலைட் இருப்பது சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், இருந்தாலும் போய்வர கால் செகண்ட்தான். சுருக்குவது, விரிப்பது எல்லாம் சேர்த்து உங்கள் செட்டாப் பாக்ஸுக்கு வருவதற்குள் சில செகண்ட் போகும், அவ்வளவே. ஸ்ட்ரீமிங்கில் அதே படத்தை முதலில் பல தரத்தில் மாற்றுகிறார்கள். டவர் வீக்காக இருந்தால் மங்கலாகவாவது ஓட வேண்டுமே, அதற்காக. பிறகு சில செகண்ட் நீளத் துண்டுகளாக வெட்டி ஊர் ஊராக இருக்கும் சர்வர்களில் வைக்கிறார்கள். உங்கள் போன் ரெண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகுதான் முதல் துண்டை ஓட்டும். கேபிள் என்பது குழாயில் வாய் வைத்துக் குடிப்பது. இது குடத்தில் பிடித்து வைத்துக் குடிப்பது. அதனால்தான் 20 செகண்ட், 40 செகண்ட் என்று பின்தங்குகிறது.

சரி, ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்றால் கூட்டம். கேபிளில் ஒரே சிக்னலை எல்லா வீடும் எடுத்துக்கொள்கிறது. நெட்டில் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். 2019 உலகக்கோப்பையில் தோனி ரன் அவுட் ஆன அந்த அரையிறுதியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 2.53 கோடிப் பேர் பார்த்தார்கள். 2023 ஃபைனலில் அது 5.9 கோடி. அத்தனை பேருக்கும் அறுந்து போகாமல் கொடுக்க வேண்டும் என்றால் கொஞ்சம் கையிருப்பு இல்லாமல் முடியாது.

இன்னொன்று, ரெண்டு போன்கூட ஒன்றோடொன்று சேர்ந்து ஓடாது. நடுவில் ஒரு கால் வந்தாலோ, வட்டம் சுற்றிக்கொண்டு நின்றாலோ அந்தப் போன் இன்னும் பின்னால் போய்விடும். ஆக உங்கள் கடைச் சண்டை தீராது. இப்போது உங்கள் டிவி முதலில் கத்துகிறது. நெட்டுக்கு மாற்றினால் எதிர்க்கடை கேபிள் டிவி கத்துவதைக் கேட்டு உங்கள் கடையே கடுப்பாகும்.

ஹாஸ்டல் நாலாம் மாடி

தாமதத்தைப் பற்றி எங்கள் செட்டில் யாரும் கவலைப்படுவதில்லை. ஸ்கோர் ஆப்பில் 'W' விழுந்ததைப் பார்த்துவிட்டுத்தான் பலர் மேட்சையே திறக்கிறார்கள். இப்போது விக்கெட் வரப்போகிறது என்று தெரிந்தே பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, பெரியவர்களுக்குச் சொன்னால் புரியாது. மற்றபடி மறுநாள் பஸ்ஸில் பத்து நிமிச ஹைலைட்ஸ், அதுவும் இல்லையென்றால் ரீல்ஸ்.

ஒரு கூத்து சொல்கிறேன். 2023 ஜூலையில் சங்கர் நகர் மைதானத்தில் டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) ஃபைனல், நெல்லை ராயல் கிங்ஸும் கோவை கிங்ஸும். டிக்கெட் எடுத்து ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறோம், எதிரே ஆட்டம் நடக்கிறது, கையில் போனிலும் அதே ஆட்டம். நேரில் சரியாகத் தெரியாத அவுட்டை அரை நிமிசம் கழித்துப் போனில் ரீப்ளேயோடு பார்த்துக்கொள்வோம். நெல்லை 104 ரன் வித்தியாசத்தில் தோற்றது. அதையும் ரெண்டு தடவை பார்க்க வேண்டியதாயிற்று.

விளம்பரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? ஓவர் முடிந்ததும் எனக்கு பைக் விளம்பரம் வந்தால் பக்கத்துக் கட்டில்காரனுக்கு கல்யாண மேட்ரிமோனி வருகிறது. ஆளைப் பார்த்து எறிகிறார்கள்.

அம்பை கேபிள்

"அவர் அப்படித்தானே சொல்வார்" என்று ஒரு வார்த்தை விழுந்திருப்பதால் வருகிறேன். நானும் அந்தத் தொழில்தான். என் கம்பத்தில் இப்போது கேபிள் வயரும் ஃபைபரும் சேர்ந்தே ஓடுகின்றன. நீங்கள் எதை வைத்தாலும் எனக்குக் காசுதான். அதனால் கொஞ்சம் நேர்மையாகப் பேசலாம்.

பணம் எங்கே போகிறதோ அங்கேதான் ஆட்டம் போகும். ஐபிஎல்லில் 2018 முதல் 2022 வரை டிவி, டிஜிட்டல் எல்லாம் சேர்த்து ஸ்டார் 16,347 கோடிக்கு எடுத்தது. 2023 முதல் 2027 வரைக்கு ரெண்டையும் பிரித்து ஏலம் விட்டார்கள். டிவி 23,575 கோடி, டிஜிட்டல் 23,758 கோடி. போன் டிவியை முந்தியது அன்றைக்குத்தான். டிஜிட்டலை எடுத்தவர்கள் 2023ல் ஜியோசினிமாவில் சும்மாவே காட்டினார்கள். அந்த சீசனில் என்னிடம் "ஸ்போர்ட்ஸ் பேக்கை எடுத்துருங்க" என்று சொன்ன வீடுகள் கொஞ்சமில்லை. முன்பெல்லாம் பங்குனி, சித்திரையில் புது கனெக்‌ஷன் கேட்டு வருவார்கள்.

அப்புறம் என்ன நடந்தது? 2024 நவம்பரில் டிவிக்காரரும் டிஜிட்டல்காரரும் ஒரே கம்பெனி ஆகிவிட்டார்கள். 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் வந்தது. சும்மா பார்த்தது போய், போனில் மட்டும் பார்க்க 3 மாசத்துக்கு 149 ரூபாய் என்று வந்தது. ரீசார்ஜோடு சேர்த்தும் கொடுத்தார்கள், ஆனால் அது இலவசம் இல்லை, ரீசார்ஜுக்குள் இருக்கிறது. கிரிக்கெட் ஒரு ஆப், எஃப் 1 கார் ரேஸ் பார்க்க ஃபேன்கோட், சாம்பியன்ஸ் லீக் ஃபுட்பால் என்றால் சோனிலிவ். கேபிள் பில் அதிகம் என்று வெட்டிய வீடுகளில் இப்போது மொத்தக் கணக்கைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேபிளிலும் குறை உண்டு. ஐப்பசி இடிக்கு ஆம்ப்ளிஃபையர் போனால் நான் ஏணியோடு வரும்வரை உங்கள் டிவி கறுப்புத்தான். ஆனால் கடைக்கு, நாற்பது பேர் ஒரே படத்தைப் பார்க்கிற இடத்துக்கு, கேபிள்தான் சரி.

ஹைகிரவுண்ட் நெட்டு

அம்பை அண்ணாச்சி சொல்லாத ஒன்று. ஓடிடி சந்தாக்களின் விதிமுறையில் தனிப்பட்ட, வியாபாரமில்லாத உபயோகத்துக்கு மட்டும் என்று போட்டிருப்பார்கள். வீட்டுச் சந்தாவை வைத்துக் கடையில் கூட்டத்துக்குக் காட்டுவது அதில் அடங்காது. போன் பிளானாக இருந்தால் டிவியில் ஓடவே ஓடாது. கேபிளிலும் கடைக் கனெக்‌ஷன் தனி வகைதான், உங்களுடையது எதில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தியா ஆடுகிற மேட்சுக்கு மட்டும் ஒரு வழி இருக்கிறது. 2007ல் வந்த சட்டப்படி, தேசிய முக்கியத்துவம் உள்ளதாக அரசு அறிவித்த மேட்சுகளை தூர்தர்ஷனுக்கும் கொடுத்தாக வேண்டும். 2017ல் சுப்ரீம் கோர்ட் அதில் ஒரு வரம்பு வைத்தது. தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்பிலும், அதன் இலவச டிடிஎச் சேவையான ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும் காட்டலாம், கேபிள் வழியாகப் போகக்கூடாது. கேபிளில் டிடி ஸ்போர்ட்ஸ் வைத்தால் மேட்ச் நேரத்தில் வேறு ஏதோ ஓடுகிறதே என்று பலர் திட்டுவது இதனால்தான். ஃப்ரீ டிஷ் குடை ஒன்று வாங்கி மாட்டினால் மாசக் கட்டணம் கிடையாது. ஆனால் ஐபிஎல் அந்தப் பட்டியலில் இல்லை.

திசையன்விளை வாத்தியார்

ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன். தம்பிகள் பேசுவதைப் பார்த்தால் டிவியே ஆதிகாலத்துப் பொருள் ஆகிவிட்டது போல் இருக்கிறது, ரெண்டு வரி எழுதுகிறேன்.

எங்கள் கடலோரத்துக்கு முதலில் வந்த டிவி தமிழ்நாட்டு டிவி இல்லை. 1982ல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியது. இரும்புக் குழாயை ஒன்றுக்குள் ஒன்று சொருகி, தென்னை உயரத்துக்கு நிறுத்தி, பூஸ்டர் வைத்து, ஆன்டெனாவைக் கடலைப் பார்த்துத் திருப்பி வைப்போம். மெட்ராஸ் படம் கொடைக்கானல் நிலையம் வந்த பிறகுதான் எட்டியது. அதற்கு முன் கிரிக்கெட் என்றால் காதுதான். சேப்பாக்கத்தில் டெஸ்ட் என்றால் வானொலியில் தமிழ் வர்ணனை, நம்ம சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் குரல். ஃபீல்டர் எங்கே நிற்கிறார், பந்து எந்தப் பக்கம் போகிறது என்று அவர் சொல்லச் சொல்ல மைதானம் கண்ணுக்குள் வந்து நிற்கும். இன்றைக்குப் போனில் தமிழ் வர்ணனை கேட்டால் நாலு பேர் பேட்டி எடுத்துக்கொள்கிற மாதிரி இருக்கிறது, ஆட்டம் பின்னால் எங்கேயோ நடக்கிறது. நான் சத்தத்தைக் குறைத்து வைத்துவிடுவேன்.

ஆனால் "எல்லாரும் சேர்ந்து பார்த்த காலம் போச்சே" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். ஊரில் டிவி இருந்தது ரெண்டு மூணு வீட்டில். யார் கூடத்தில் உட்காரலாம், யார் திண்ணையோடு சரி, யார் தெருவில் நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது டிவி வருவதற்கு முன்பே முடிவான விஷயம். சாதிதான், வேறென்ன. கூடத்தில் இருந்தவர்கள் சிக்ஸருக்குக் கத்தலாம். ஜன்னலில் நின்ற பையன்கள் கத்தினால் கதவைச் சாத்துவார்கள். அந்த ஜன்னலில் நின்ற என் மாணவன் ஒருவன் இப்போது எனக்கு ஓடிடி பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்திருக்கிறான். நாற்பது செகண்ட் தாமதம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

ஹாஸ்டல் நாலாம் மாடி

ஐயா, இதை யாரும் எங்களுக்குச் சொன்னதே இல்லை.

முக்கூடல் மதினி

வாத்தியார் ஐயா ஜன்னல் வரைக்கும் வந்தார். நாங்கள் ஜன்னலுக்கும் வரவில்லை.

எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் ஒரு பொம்பளை உட்கார்ந்து இந்தியா-பாகிஸ்தான் மேட்ச் பார்த்ததாக யாராவது சொல்லுங்கள், பார்ப்போம். வீட்டு டிவியும் அப்படித்தான். மேட்ச் நாளில் ரிமோட் எங்கள் கைக்கு வராது. அப்புறம் "பொம்பளைகளுக்கு சீரியல்தான்" என்று பேச்சு.

நான் பீடி சுற்றுகிறேன். தட்டு மடியில் இருக்கும், இலையும் தூளும் அதில். போன் எதிரே தண்ணிச் செம்பில் சாய்ந்து நிற்கும். கை தன்பாட்டில் சுற்றும், நூல் கட்டும், முனை மடிக்கும். கண்ணுக்குத்தான் வேலை இல்லை. பக்கத்தில் சுற்றுகிற நாலு பேருக்கும் அதே போன்தான், சத்தத்தைக் கூட்டி வைத்தால் போதும். ஒரு நாள் டேட்டா ரெண்டாவது இன்னிங்ஸுக்கு முன்னாலேயே தீர்ந்துவிடும், அப்புறம் அடுத்தவள் போன். இன்றைக்கு யார் போன் என்று முறை வைத்திருக்கிறோம்.

2025 நவம்பர் 2, பெண்கள் உலகக்கோப்பை ஃபைனல். மழையால் அஞ்சு மணிக்கு ஆரம்பித்து நடுராத்திரியில் முடிந்தது. தென்னாப்பிரிக்கா கேப்டன் வோல்வார்ட் செஞ்சுரி போட்டுவிட்டு நிற்கிறாள், தூக்கி அடித்ததை அமன்ஜோத் தட்டித் தட்டி மூணாவது தடவையில் பிடித்தாள். எனக்கு அது சுத்தமாக வந்தது, யாரும் முந்திக் கத்திக் கெடுக்கவில்லை. ஏனென்றால் எங்கள் தெருவில் வேறு எந்த வீட்டிலும் அது ஓடவில்லை. ஆம்பளைகள் மேட்சாக இருந்தால் வெடிச் சத்தமே சொல்லியிருக்கும்.

ஹாஸ்டல் நாலாம் மாடி

மதினி, எங்கள் ஹாஸ்டலில் அன்றைக்கு டிவி ரூமில் நிற்க இடமில்லை. தீப்தி கடைசி விக்கெட் எடுத்தபோது வார்டன் எழுந்து வந்துவிட்டார்.

முக்கூடல் மதினி

சந்தோஷம் தம்பி. அரையிறுதிக்கு எத்தனை பேர் இருந்தீர்கள்?

ஹாஸ்டல் நாலாம் மாடி

…ஜெமிமா நூறு தாண்டினப்புறம் வந்தோம்.

கடையநல்லூர் - கராமா

துபாயில் இருந்து எழுதுகிறேன். ஊரில் ஏழரை மணி மேட்ச் இங்கே ஆறு மணி. சைட்டில் இருந்து ரூமுக்குத் திரும்பும் பஸ்ஸில் பவர்பிளே முடிந்துவிடும். பஸ் முழுக்க போன் வெளிச்சம்தான். மலையாளி மலையாள வர்ணனை, பஞ்சாபி பஞ்சாபி, நான் தமிழ். விக்கெட் விழுந்தால் பஸ்ஸில் பின்சீட்டில் இருந்து முன்சீட்டுக்கு சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக வரும்.

ஊர்க்காரர்களுக்குத் தெரியாத ஒரு தொல்லை: இந்தியாவில் கட்டிய சந்தா இங்கே வேலை செய்யாது. ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமையைத் தனித்தனியாக விற்கிறார்கள், இங்கே காட்டுகிறவர் வேறு, சந்தா வேறு. லீவுக்கு ஊருக்கு வந்தால் இங்கே கட்டியது அங்கே திறக்காது. குடும்ப குரூப்பில் மச்சான் "போச்சு" என்று ஒரே ஒரு வார்த்தை போடுவான். எனக்கு அதற்கு அடுத்த பந்து இன்னும் வந்திருக்காது. மேட்ச் நாளில் குரூப்பை மியூட் பண்ணிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

ஆனால் உண்மையைச் சொன்னால் நாங்கள் ரூமில் அதிகம் கத்துவது ஐபிஎல்லுக்கு இல்லை, ஊர்க் கபடி லைவுக்கு. மறுநாள் லீவாக இருந்தால் விடிய விடிய ஓடும். பிடிக்கிற பையன் யார் மகன் என்று தெரியும் இல்லையா.

ராத்திரி கபடி

கராமா அண்ணன் பார்ப்பது என் கேமராவாக இருக்கலாம். நாங்குநேரி, வள்ளியூர், சுரண்டைப் பக்கம் கோவில் கொடைத் திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் நடக்கிற போட்டிகளை யூடியூபில் போடுகிறேன். அர்ஜுனா விருது வாங்கிய கபடி வீரர் மணத்தி கணேசனின் ஊருக்குப் பக்கம்தான் இது. ஆனாலும் இந்த ராத்திரி ஆட்டங்களுக்கு எந்த டிவியும் வந்ததில்லை, இனிமேலும் வராது. ப்ரோ கபடி 2014ல் ஆரம்பித்த பிறகுதான் டிவியில் கபடிக்கு மரியாதை, அதுவும் மேட் மேல் ஆடுகிற கபடிக்கு. எங்களுடையது மண், ஃபோகஸ் லைட்.

செலவு பெரிசில்லை. ஒரு கேமரா, ஒரு போன், ஸ்டாண்டு, ஸ்கோர் போட ஒரு ஆப், பவர் பேங்க். கஷ்டம் வேறு இடத்தில். சாயங்காலம் டவர் அருமையாக இருக்கும். பத்து மணிக்குக் கூட்டம் சேர்ந்து, எல்லார் போனும் ஒரே டவரைப் பிடித்து இழுக்க ஆரம்பித்ததும் என் படம் நின்றுவிடும். அதனால் இப்போது மைதானத்துக்குப் பக்கத்தில் ஃபைபர் உள்ள வீடு எது என்று பார்த்து, அந்த வீட்டு ஜன்னல் வழியே நீளமாக ஒரு வயர் இழுத்துக்கொள்கிறேன். அந்த வீட்டுக்காரர் பெயரை ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை மைக்கில் சொன்னால் போதும், வாடகை கேட்க மாட்டார்.

அடுத்தது பாட்டு. இடைவேளையில் மைக் செட்காரர் சினிமாப் பாட்டு போடுவார். யூடியூப் அதைக் கண்டுபிடித்து காப்பிரைட் என்று ஓலை அனுப்பும், சில சமயம் வீடியோவே போய்விடும். எத்தனை தடவை சொன்னாலும் மைக் செட்காரர் கேட்க மாட்டார். "கொடைக்குப் பாட்டு இல்லாமலா?" என்பார். இப்போது பாட்டு ஆரம்பித்தால் நான் சத்தத்தை அடைத்துவிட்டு ஸ்கோர் போர்டைக் காட்டிக்கொண்டிருப்பேன். மும்பை தாராவியில் இருந்து கமெண்டில் "சவுண்ட் வரலை" என்று நூறு பேர் எழுதுவார்கள்.

இன்னொரு வம்பும் புதிதாக வந்திருக்கிறது. போனஸ் கோட்டைத் தொட்டானா இல்லையா என்று தகராறு வந்தால் முன்பு நடுவர் சொன்னதுதான். இப்போது லைவைப் பின்னால் ஓட்டிப் பார்த்துவிட்டு, கிளிப்பை வெட்டி, கமிட்டித் தலைவர் போனுக்கே அனுப்புகிறார்கள். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, துபாயில் இருந்து! ஒரு கமிட்டியில் என்னிடம், தகராறு வந்தால் கேமராவை வானத்தைப் பார்த்துத் திருப்பிவிடச் சொன்னார்கள். நான் முடியாது என்றேன், அடுத்த வருசம் வேறு ஆளைக் கூப்பிட்டார்கள்.

அம்பை கேபிள்

இந்தத் தம்பியின் தொழிலைத்தான் முன்பு நாங்கள் லோக்கல் சேனலில் செய்தோம். தேர், கொடை, பள்ளி ஆண்டு விழா எல்லாம். எங்கள் வயர் போகிற தெருவோடு அது நின்றுவிடும்.

பாளை புரோட்டா

எல்லாருக்கும் நன்றி. மாஸ்டருக்கும் வாசித்துக் காட்டினேன். முடிவு செய்தது இதுதான். கல்லா டிவியில் கேபிள் இருக்கட்டும். கடைக் கனெக்‌ஷன் எந்த வகை என்று நம்ம கேபிள் தம்பியிடம் கேட்டுச் சரிசெய்துகொள்கிறேன். ஃப்ரீ டிஷ் குடையும் ஒன்று வாங்கப் போகிறேன். மூலை டேபிளுக்கு நேரே ஒரு அட்டை எழுதித் தொங்கவிட்டாயிற்று: "போனில் மேட்ச் பார்ப்பவர்கள் ஹெட்செட் போட்டுக்கொள்ளவும். மாஸ்டர் கத்துவதற்குக் கடை பொறுப்பல்ல."

மதினி சொன்னதில் எனக்கு ஒன்று உறுத்தியது. பார்சலுக்கு வருகிற அக்காமார் காசு கொடுத்த பிறகும் வாசலிலேயே நின்று ஒரு ஓவர் பார்த்துவிட்டுப் போவார்கள். பார்சல் கட்ட நேரமாகிறது போல என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உள் ரூமில் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு ரெண்டு டேபிள் உண்டு, அங்கே உட்காரச் சொல்லலாம்.

முக்கூடல் மதினி

உள் ரூமில் டிவி இருக்கிறதா? அதை முதலில் சொல்லுங்கள்.

பாளை புரோட்டா

இல்லை. சின்னதாக ஒன்று மாட்டச் சொல்லுகிறேன் மதினி. கபடித் தம்பி, அந்த டிவிக்கு நெட் போட்டால் உங்கள் லைவைக் கடையில் காட்டலாமா? அடுத்த ஆட்டம் எப்போது?

ராத்திரி கபடி

தாராளமாகக் காட்டுங்கள் அண்ணாச்சி, இதற்கு ஓனர் நான்தான். சித்திரைக் கொடைக்குத் தேதி இன்னும் குறிக்கவில்லை, குறித்ததும் இங்கேயே லிங்க் போடுகிறேன். செமிஃபைனல் ஆரம்பிக்கவே ராத்திரி ரெண்டு மணி ஆகும். கடையை எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள்?